மேல கொட்டகையில் ஆள் இல்லை

"மாமா, இந்தக் கொட்டகையை இன்னும் ஒரு சுத்து சுத்தினீங்கன்னா கொட்டகைக்கே தலை சுத்தும்."

பதில் சொல்ல மூக்கருக்கு மூச்சு வேண்டும். அதைக் கீழே மூன்றாவது வளைவிலேயே தொலைத்துவிட்டு வந்திருந்தார். வலது குதிகாலில் தோல் உரிந்திருந்தது. புது ஷூ. 'மலைக்குப் போறீங்க, நல்லதா ஒண்ணு போட்டுக்குங்க' என்று மனைவி பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. நல்லது எல்லாம் கடிக்கும் என்பது அவருடைய இல்லற அனுபவம்.

அவருக்கு மூக்கர் என்று பேர் வந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மூக்கின் அளவு. இரண்டு, அது போய் நுழையும் இடங்கள். துப்பறிவாளர் என்று வாசலில் பலகை மாட்டியிருந்தாலும் ஊர் அவரைத் தேடி வரும்போது "மூக்கர் வீடு எது?" என்றுதான் கேட்கும். கூட வந்திருப்பவள் அவர் மனைவியின் தங்கை. வீட்டில் வைத்த பேர் சின்னவள். வேன் ஓட்டுவாள், போன் எடுப்பாள், வாயை மட்டும் மூடமாட்டாள். "மாமாவுக்கு உதவியாளர்" என்று அவள் சொல்லிக்கொள்வாள். "அக்காவுக்கு ஒற்றர்" என்று அவர் திருத்துவார்.

கொட்டகையில் பார்க்க என்ன இருக்கிறது? மூன்று பக்கம் கல் சுவர், மேலே தகரம், உட்கார ஒரு பலகை. சிகரம் ஏறுகிறவர்கள் கடைசியாக மூச்சு வாங்கும் இடம். அதற்குப் பின்னால் சிகரம், யாரையும் மதிக்காத பெரிய மனிதர் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"இன்னொரு தடவை அதைப் போடு" என்றார் மூக்கர்.

சின்னவள் போனை எடுத்து அந்தக் குரல் பதிவை ஓடவிட்டாள். காற்றிரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல், அவசரமில்லாத குரல்:

'சார், மேல கொட்டகைகிட்ட நிக்கறேன். இங்கேர்ந்து கீழ குறி போட்டுக்கிட்டே வரேன். பெயிண்ட் பத்தும். சாயங்காலம் வந்துடுவேன்.'

குரலுக்குச் சொந்தக்காரர் பெயிண்டர். நடைபாதைகளில் பாறைக்குப் பாறை மஞ்சள் வட்டம் போடுவது அவர் வேலை. மூடுபனியில் வருகிறவன் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்து உயிரோடு இறங்கிவிடலாம். முந்தாநாள் காலையில் டப்பாவும் பிரஷுமாகக் கிளம்பியவர், பாதை அலுவலகத்துக்கு இந்தப் பதிவை அனுப்பினார். அதோடு சரி. அன்று சாயங்காலமும் வரவில்லை, நேற்றும் வரவில்லை. தேடும் குழு இந்தக் கொட்டகையிலிருந்து சிகரம் வரைக்கும், சிகரத்திலிருந்து அடிவாரம் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்துவிட்டது. ஒரு பிரஷ் மயிர்கூடக் கிடைக்கவில்லை.

நேற்று இரவு பெயிண்டரின் மனைவி மூக்கரிடம் வந்து சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "தேடறவங்க அவரைத் தேடறதை விட்டுட்டு, ஏன் போனார்னு தேட ஆரம்பிச்சுட்டாங்கண்ணே."

"மாமா, இதைப் பாருங்க." சின்னவள் பாதையோரப் பாறை ஒன்றின் முன் குனிந்திருந்தாள். அதில் மஞ்சள் வட்டம் இருந்தது. ஆனால் பாதி உதிர்ந்து, வெளுத்து, ஓரமெல்லாம் செதில் செதிலாக நின்றது. "இது புதுசா?"

"பழசு. போன வருஷத்து வெயிலெல்லாம் இதுமேல அடிச்சிருக்கு."

"வழி நெடுக இப்படித்தான். ஒரு வட்டம்கூடப் புதுசு இல்லை. எங்க வீட்டுச் சுவர்கூட இதைவிடப் பளிச்சுன்னு இருக்கும். அதுக்கு நீங்க வெள்ளையடிச்சே பல வருஷமாச்சு."

மூக்கர் நிமிர்ந்தார். காலையிலிருந்து அவரும் இதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். பார்த்தது எரிச்சலைத்தான் கூட்டியது. குறி போட்டுக்கொண்டே வருகிறேன் என்று சொன்ன மனிதர் வர வேண்டிய வழியில் புதுக் குறி இல்லை. இந்தக் கொட்டகையில் நிற்கிறேன் என்று குரல் சொல்கிறது. நிற்கவே இல்லை என்று பாறை சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். குரலில் பொய் சொல்கிறவனின் பதற்றம் துளியும் இல்லை. பாறைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கீழேயிருந்து விசில் சத்தம் வந்தது. பின்னாலேயே பாதை அதிகாரி வந்தார். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும், பேசும்போதும் அது உதட்டோரம் தயாராக இருக்கும். அதனால் குழுவிலிருக்கும் எல்லோருக்கும் அவர் விசில்காரர்.

"என்ன மூக்கரே, ஆச்சா? நாலு மணிக்கு மேல மூடுபனி இறங்கிடும். அதோட இந்த சீசனுக்குப் பாதை மூடல். குழுவைக் கலைக்கப்போறேன்."

"ஒரு மனுஷன் மலையில இருக்கார் சார்."

"மலையில இருக்கானா? எங்க இருக்கான், காட்டுங்க. நீங்களே பாருங்க, வட்டம் ஒண்ணாவது புதுசா இருக்கா? இந்தப் பக்கமே அவன் வரலை. வந்துட்டேன்னு போன்ல ஒரு பொய்யைச் சொல்லிட்டு, வேற எங்கேயோ கம்பி நீட்டிட்டான். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை. மலை பிடிக்கலை, குளிர் பிடிக்கலை, ஓடிட்டான்."

"டப்பாவைத் தூக்கிக்கிட்டா ஓடுவாங்க?" என்றாள் சின்னவள். "நான் ஓடறதா இருந்தா முதல்ல கனமான சாமானைத்தான் போடுவேன். மாமாவை விட்டுட்டுப் போவேன்."

விசில்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "அவன் சம்சாரத்துகிட்ட ஒரு போட்டோ வாங்கணும். காவல் நிலையத்துல கொடுத்து, தானா வெளியேறினவர்னு எழுதிக்கொடுத்துட்டா என் வேலை முடிஞ்சுது. உங்க வேன்ல நானும் வரேன்."

தானாக வெளியேறினவர். அந்த வார்த்தை விழுந்துவிட்டால் அப்புறம் யாரும் கயிறோ விளக்கோ எடுக்க மாட்டார்கள். மலையில் ஒருவர் உயிரோடு கிடந்தாலும், காகிதத்தில் அவர் வேறு ஊரில் சௌக்கியமாக இருப்பார்.

இறங்கும்போது மூக்கருக்கு இடது குதிகாலும் உரிந்தது.

*

பெயிண்டரின் வீடு கடைவீதியின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட சின்ன வீடு. முன்கூடத்தில் தையல் மிஷின். சுற்றிலும் அறுந்த முதுகுப்பைகள், கிழிந்த கூடாரத் துணிகள். மலை ஏறுகிறவர்கள் கிழித்துக்கொண்டு வருவதையெல்லாம் அவள் தைத்துக் கொடுப்பாள். இப்போதும் ஒரு பையின் பட்டையை மிஷினில் கொடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு போட்டோ வேணும்மா" என்றார் விசில்காரர் தரையைப் பார்த்து. "நோட்டீஸுக்கு."

மிஷின் நின்றது. "நோட்டீஸ்னா... தேடறது?"

"அது ஒரு பக்கம் நடக்கும்."

"நடக்காது" என்றாள் அவள். "எனக்குத் தெரியும் சார். கிழிஞ்சதைத் தைக்கலாம், முடிஞ்சுதுன்னு ஒதுக்கினதைத் தைக்க முடியாது." பிறகு, கண்ணைத் துடைக்கக் கை ஒழியாதவள் போல, மறுபடி மிஷினை மிதித்தாள். "போட்டோ மேல ரூம்ல தகரப் பெட்டியில இருக்கு. நீங்களே எடுத்துக்குங்கண்ணே. நான் இப்ப எழுந்தா விழுந்துடுவேன்."

மூக்கர் எழுந்து போனார். கூடத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அறை. நடுவில் பின்கதவு. படிக்கட்டைக் காணவில்லை. பின்கதவைத் திறந்து வெளியே போனார். துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி. ஏணிகூட இல்லை. நொண்டிக்கொண்டே வீட்டை ஒரு சுற்று சுற்றினார். அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரை, அதற்கு மேல் மேகம். அவ்வளவுதான். காலையில் ஆள் இல்லாத கொட்டகை, மத்தியானம் மாடி இல்லாத வீடு. இன்றைக்கு எதுவுமே சொன்ன இடத்தில் இருக்காது போலிருக்கிறது. வந்த கோபத்தில் தொட்டியை உதைத்தார். அதுவும் உரிந்த காலால்.

"அம்மா," உள்ளே வந்து ஏறக்குறையக் கத்தினார், "படிக்கட்டு எங்கே?"

"படிக்கட்டா? எதுக்குண்ணே?"

"மேல போக!"

"மாமா, இப்ப எதுக்கு அந்த மாதிரிப் பேச்செல்லாம்?" என்றாள் சின்னவள்.

பெயிண்டரின் மனைவி கத்தரிக்கோலை நீட்டி, பக்கவாட்டில் இருந்த அறையைக் காட்டினாள். அதன் ஜன்னல் வழியாக மத்தியான வெயில் சாய்ந்து தரையில் கிடந்தது. "அதோ இருக்கே, மேல ரூம்."

"அது பக்கத்து ரூம்."

"ஆமா. மேல் பக்கத்து ரூம். சூரியன் இறங்கற பக்கம். இந்தப் பக்கம் இருக்கறது கீழ ரூம்." அவள் அவரைக் கவலையோடு பார்த்தாள். "எங்க ஊர்ல அப்படித்தாண்ணே சொல்லுவோம். எங்க ஊர் தட்டு மாதிரி சமதரை. ஏறவும் ஒண்ணும் கிடையாது, இறங்கவும் ஒண்ணும் கிடையாது. மேலன்னா மேற்கு. கீழன்னா கிழக்கு."

மூக்கர் நின்ற இடத்தில் நின்றார். மேலத் தெரு, கீழத் தெரு என்று எத்தனை ஊரில் எத்தனை வாசலில் நின்று விசாரித்திருக்கிறார்! ஒரு தெருவாவது இன்னொரு தெருவின் தலைமேல் ஏறி நின்றதா?

"சின்னவளே, அந்தக் குரலைப் போடு."

போட்டாள். கணவனின் குரல் கேட்டதும் பெயிண்டரின் மனைவி பையைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். விழவில்லை.

'...மேல கொட்டகைகிட்ட நிக்கறேன். இங்கேர்ந்து கீழ குறி போட்டுக்கிட்டே வரேன்...'

"மேற்கால இருக்கற கொட்டகையில நிக்கறாரு. அங்கேர்ந்து கிழக்கு பார்த்து வராரு" என்றாள், யாரோ மணி கேட்டதற்குச் சொல்வது போல. பிறகு குரல் உடைந்தது. "இதை ஏன் எனக்கு யாருமே போட்டுக் காட்டலை?"

"விஷயத்தைச் சொன்னோமேம்மா" என்றார் விசில்காரர். "சிகரத்துக்குக் கீழ இருக்கற கொட்டகையிலிருந்து பேசினார்னு..."

"விஷயத்தைச் சொன்னீங்க. அவர் சொன்னதைச் சொல்லலையே!"

அந்த வார்த்தை விசில்காரரைவிட மூக்கரைத்தான் அதிகம் சுட்டது. நேற்று இரவே அவர் கையில் அந்தப் பதிவு இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு மலையேறியிருக்கிறார். இரண்டு குதிகாலையும் கொடுத்து!

"மேற்கே கொட்டகை இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. பழைய கொட்டகைன்னு சொல்லுவோம். அந்தப் பாதையையே மூடிட்டோமே. அங்க அவன் எதுக்குப் போறான்? சிகரப் பாதைக்குத்தானே அனுப்பினேன்!"

"அனுப்பும்போது என்ன சொன்னீங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க."

"என்ன சொல்லுவாங்க? 'மேல பாதைக்குக் குறி போட்டுட்டு வா'ன்னு..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. உதட்டோரத்திலிருந்த விசில் நழுவி மார்பில் விழுந்தது.

"உங்க அலுவலகச் சுவர்ல இருக்கற வரைபடத்துல நாம காலையில போன பாதைக்கு என்ன பேர் எழுதியிருக்கு?" மூக்கர் விடவில்லை.

"சிகரப் பாதை."

"மூடின பாதைக்கு?"

"மேற்குப் பாதை" என்றார் விசில்காரர் மெதுவாக.

"புதுசா வந்த மனுஷன். 'மேல பாதை'ன்னு நீங்க சொன்னீங்க. படத்தைப் பார்த்தார். மேற்குப் பாதைன்னு தெளிவா எழுதியிருக்கு. போயிட்டார். அவர் ஓடலை சார். நீங்க அனுப்பின இடத்துக்குத்தான் போயிருக்கார்."

விசில்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் அவர் பயந்தது தன் தவறுக்கு இல்லை என்பது அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

"கிழக்கு பார்த்து வரேன்னா சொன்னார்?" என்றார். பெயிண்டர் முதல் தடவையாக 'அவர்' ஆகியிருந்தார். "கிழக்குப் பக்கம் பாதையே இல்லை சார். போன மழைக்குச் சரிஞ்சு போச்சு. திரும்பினா வெட்டின மாதிரி பள்ளம். அதனாலதான் மூடினோம். நடுவுல ஒரு தடுப்புகூட வைக்கலை, யாரு போகப்போறாங்கன்னு..."

பெயிண்டரின் மனைவி ஏற்கெனவே வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

*

மேற்குப் பக்கமாகப் போகும் பழைய கப்பி ரோடு கொட்டகைக்குச் சற்றுக் கீழே வரை போகும். சின்னவள் வேனை ஓட்டவில்லை, விரட்டினாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூக்கர் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. விசில்காரர் போனில் குழுவை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "மேல பாதை இல்லப்பா! மேற்கு! மே-ற்-கு! ஐயோ, சிகரத்துக்கு ஏறாதீங்கடா!"

பழைய கொட்டகையின் சுவரிலேயே முதல் வட்டம் இருந்தது. புத்தம் புது மஞ்சள். பளிச்சென்று, நெஞ்சு உயரத்தில்.

நடந்தார்கள். அடுத்த பாறையில் அடுத்த வட்டம். அதற்கப்புறம் ஒரு மரத்தில். ஒன்றில் நின்றால் இன்னொன்று தெரிந்தது. மூடுபனி மரங்களுக்கு நடுவே இறங்கத் தொடங்கியிருந்தது. அதற்குள்ளும் மஞ்சள் தெரிந்தது. அந்த மனிதருக்கு வேலை தெரிந்திருந்தது.

ஒரு வளைவில் புதர் நசுங்கிக் கிடந்தது. ஒரு பாறை முழுக்க மஞ்சள் பெயிண்ட் சிதறி வழிந்து உறைந்திருந்தது. பக்கத்தில் உடைந்த போன்.

"இங்கதான் விழுந்திருக்கார்" என்றார் மூக்கர்.

அதற்கப்புறமும் வட்டம் இருந்தது. ஆனால் நெஞ்சு உயரத்தில் இல்லை, முழங்கால் உயரத்தில். அடுத்தது கணுக்கால் உயரத்தில். அதற்கடுத்தது தரையோடு கிடந்த ஒரு கல்லில்.

சின்னவள் எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். மூக்கர் அவள் வாய் சும்மா மூடிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தவழ்ந்து போயிருக்கார்" என்றாள் பெயிண்டரின் மனைவி. "கால் போயிடுச்சு. தவழ்ந்துக்கிட்டே போட்டிருக்கார்." அவள் ஓடப் பார்த்தாள். விசில்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஓடாதீங்கம்மா. பள்ளம் எங்கே வரும்னு பனியில தெரியாது."

தரையோடு தரையாக வட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் பள்ளத்தை நோக்கி ஓர் அடி. மூக்கருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. நேற்று இரவே அந்தப் பதிவை அவளிடம் போட்டுக் காட்டியிருந்தால் இந்த வட்டங்களில் பாதி போடப்பட்டிருக்காது. ஒரு வார்த்தையைக் கேட்கத் தெரியாதவனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய மூக்கு?

அப்போது அவர் நின்றார். காலடியில் ஒரு கல். அதில் இரண்டு வட்டங்கள். பக்கத்தில் பக்கத்தில்.

"ஒரே கல்லுல எதுக்கு ரெண்டு?" என்றாள் சின்னவள்.

மூக்கர் மண்டியிட்டு முதல் வட்டத்தைத் தொட்டார். காய்ந்திருந்தது. இரண்டாவதைத் தொட்டார். விரல் மஞ்சளானது.

"போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு" என்றார். "பள்ளத்தைப் பார்த்துட்டுத் திரும்பிட்டார். வந்த வழியிலேயே நம்மளைப் பார்த்துத்தான் வந்துக்கிட்டிருக்கார். பின்னாடி பார்த்த கல்லுல எல்லாம் ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது. அப்படின்னா இதைத் தாண்டி அவர் இன்னும் வரலை. இங்கதான்..."

"யாரு அது?" பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், அவசரமில்லாத குரல், ஆனால் தேய்ந்துபோன குரல். "பார்த்து வாங்க. ஈரமா இருக்கும்."

மனைவி விசில்காரரின் கையை உதறிவிட்டாள்.

பெயிண்டர் ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தார். ஒரு கால் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. தாடி, சட்டை, விரல் எல்லாம் மஞ்சள். பக்கத்துப் பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பெயிண்ட் டப்பாவின் மூடியில் பிடித்து வைத்திருந்தார்.

அவர் முதலில் பார்த்தது விசில்காரரை. "சார், அங்க பாதை அறுந்து கிடக்கு" என்றார். "கடைசிப் பாறையில பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கேன். பனியில யாராவது தெரியாம வந்துடப்போறாங்க."

விசில்காரர் பின்னால் வரும் தேடும் குழுவின் இருபது பேருக்கும் கேட்கும்படி விசிலை எடுத்து ஊதப் பார்த்தார். காற்றுதான் வந்தது. உதடு ஒத்துழைக்கவில்லை.

அதற்குள் மனைவி பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அழுவதற்குப் பதிலாகத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். "ஊர் முழுக்க நீங்க ஓடிப்போயிட்டீங்கன்னு பேசுது! ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கிட்டு நான் உட்கார்ந்திருக்கேன்! சாயங்காலம் வரேன்னு சொல்லிட்டுப் போன மனுஷன்..."

"அதுக்கு ஏன் கத்தறே?" என்றார் பெயிண்டர், மஞ்சள் கையால் அவள் கன்னத்தைத் துடைத்து அதையும் மஞ்சளாக்கி. "வந்துக்கிட்டுதானே இருக்கேன்."